சூப்பான் விழும் சத்தம்

என் தம்பிக்குக் காது கூர்மை. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குப் பொதுவாகவே காது நன்றாக இருக்கும் என்பார்கள். இவனுக்கு அது கொஞ்சம் அளவுக்கு மீறியே இருந்தது. ஒரு லிஃப்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் இரண்டு முறை போய் வந்தால் போதும், எந்த மாடிக் கதவு இன்னும் ஒரு மாதத்தில் மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவான். அந்தக் காது அவனுக்குச் சோறு போட்டது உண்மை. அதே காது அவனைப் படுத்தி எடுத்ததும் உண்மை. நான் சொல்ல வந்தது இரண்டாவதை.

நான் அவனுக்கு எட்டு வயது மூத்தவள். கோபக்காரி. நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் நான், ஐந்தாவது மாடியில் அவனும் அவன் மனைவியும். நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் திரைச்சீலை தைக்கிறேன், பெரிய சட்டையைச் சின்னதாக்குகிறேன், ஒல்லியானவர்கள் குண்டாகித் திரும்பி வந்தால் பிரித்து விடுகிறேன். தம்பி மனைவி பஸ் ஓட்டுகிறாள்.

அவள் சும்மா பஸ் ஓட்டவில்லை. நான்கு வருஷம் டிப்போவில் பாஸ் கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளியே போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தவள். பிறகு விடுமுறை நாட்களிலெல்லாம் ஓட்டப் பழகி, ரிவர்ஸ் எடுக்கும் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி அந்த சீட்டுக்கு வந்தாள். அவள் ஓட்டும்போது ஒருமுறை நான் ஏறியிருக்கிறேன். வீட்டில் குரலே எழாத பெண், அந்த சீட்டில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. நாத்தனார் இல்லையா, கொஞ்சம் கெத்தாக இருக்க வேண்டாமா?

அப்புறம் வாண்டு பிறந்தாள். வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். மூன்றாவது வாரம் வாண்டு ஓயாமல் கத்தியபோது, வாயில் வைக்கிற அந்த ரப்பர் சூப்பானை வாங்கிவந்து கொடுத்த புண்ணியவதி நான்தான். வைத்ததும் அழுகை நின்றது. 'பார்த்தீங்களா' என்று நான் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்குத்தான் பின்னால் எட்டு மாதம் அனுபவித்தோம்.

விஷயம் இதுதான். சூப்பான் வாயில் இருந்தால்தான் வாண்டு தூங்குவாள். தூக்கம் ஆழமானால் வாய் தளரும். வாய் தளர்ந்தால் சூப்பான் நழுவித் தொட்டிலின் மரச்சட்டத்தில் 'டொக்' என்று மோதும். கொஞ்ச நேரத்தில் அழுகை. யாராவது எழுந்துபோய் அதைத் திரும்ப வாயில் வைக்க வேண்டும். வைத்தால் தூங்குவாள். அரை மணியில் மறுபடி 'டொக்'. ஒரு ராத்திரிக்கு ஒன்பது முறை, பதினோரு முறை என்று இது நடந்தது. பசி இல்லை, காய்ச்சல் இல்லை. கிளினிக்கில் எடை பார்த்த நர்ஸ், குழந்தை நன்றாக இருக்கிறாள், அப்பா அம்மாதான் பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பிரசவ விடுமுறை முடிந்து தம்பி மனைவி டிப்போவுக்குப் போனாள். மறுபடி சீட்டில் உட்காருமுன் சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்க ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். ஆளில்லாத பஸ்தான். மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது, நிறுத்தினாள். பச்சை விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் கண் திறந்தது. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன். கத்தவில்லை. "உனக்கு ஒரு மாசம் தர்றேன்மா. வீட்டைச் சரி பண்ணிட்டு வா. முடியலன்னா மறுபடி பாஸ் கவுண்டர்தான். ஐம்பது பேர் உயிரு, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அவளை அதிகம் வதைத்தது.

அன்று சாயங்காலம் தம்பி தொட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டான். தனக்கு ஒரு நாற்காலி, ஒரு பாய். மனைவியை உள் அறைக்கு அனுப்பினான். "ராத்திரி இனிமே என் டிப்பார்ட்மென்ட். கதவைச் சாத்திட்டுத் தூங்கு" என்றான். சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. செய்த விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் போட்டான். லிஃப்டுக்குப் பழுது நோட்டு எழுதுகிறவன், மகளுக்கும் எழுதினான். ஒருநாள் எடுத்துப் படித்தேன். '1.10 - விழுந்தது. வைத்தேன். 1.40 - விழுந்தது. வைத்தேன். 1.55 - விழவில்லை. இருந்தாலும் அழுதாள். காரணம் தெரியவில்லை.' இப்படிப் பக்கம் பக்கமாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பிறகு ஏழு சூப்பான் வாங்கித் தொட்டில் முழுக்கப் பரப்பினான், கைக்கு எது கிடைத்தாலும் அவளே வைத்துக்கொள்வாள் என்று. வாண்டு ஏழையும் ஒவ்வொன்றாக வெளியே எறிந்துவிட்டு எட்டாவதைக் கேட்டு அழுதாள். அடுத்து ஒரு ரிப்பனில் கட்டிச் சட்டையோடு சேர்த்துத் தைத்துத் தரச்சொல்லி என்னிடம் வந்தான். கையிலிருந்த ஸ்கேலாலேயே ஒன்று போட்டேன். "கழுத்துல சுத்திக்கிட்டா என்னடா பண்ணுவே? ஊருக்கெல்லாம் சேஃப்டி சொல்றவன்தானே நீ?" என்று கேட்டேன். முகம் செத்துப்போய்விட்டது. அவனுக்கு அது தோன்றவே இல்லை. அவ்வளவு தூக்கம் பாக்கி.

அடுத்த யோசனை என்னுடையது, மறைப்பதற்கில்லை. "எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடு. ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்துடும்" என்றேன். போட்டான். அன்று ராத்திரி இரண்டாவது மாடியில் படுத்திருந்த எனக்கே வாண்டின் குரல் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து என்னால் தாங்க முடியவில்லை. இறங்கி வாசலுக்குப் போனால், கட்டடத்தின் பெரிய குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கடித்தபடி என் தம்பி நிற்கிறான். பக்கத்தில் மேல்மாடிக்காரரும் நின்று, "இதுவா பாருங்க, இதுவா பாருங்க" என்று குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். ஒன்று கிடைத்தது. கால் மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம். அதுவரை மூன்று பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். அதோடு நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன். நான்கு நாளைக்கு.

மாதத்தில் பத்து நாள் போய்விட்டது. தம்பியின் கண் இரண்டும் உள்ளே போயின. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்ட மனைவியும் தூங்கவில்லை; அழுகை நின்றதா, இவன் எழுந்தானா என்று கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் வாண்டை என்னிடம் விட வந்தவள், திரும்பிப் போகாமல் தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி, நான் கவுண்டருக்கே போயிடறேன். எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏம்மா?"

"அவரு நேத்து டீ கிளாஸை கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டாரு. மோட்டார் பக்கத்துல நின்னு வேலை செய்யற மனுஷன். எனக்கு சீட்டு வேணும்னு அவரு கையைக் காலைப் போக்கிக்கணுமா?"

நான் மெஷினை நிறுத்தினேன். ஏதாவது நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்ததால், "சரி சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுவும் எழுதாதே" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், நான்காவது மாடி வீட்டுக்காரருக்குத் தைத்த திரைச்சீலையை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது.

லிஃப்ட்காரன் அக்கா லிஃப்டில் மாட்டுவது வேடிக்கையாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது நீங்களாக இல்லாதவரை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவசர மணியை அழுத்தினேன், கதவைக் குத்தினேன், கட்டடத்தின் சொந்தக்காரரையும் அவர் வம்சத்தையும் இழுத்து வைத்துத் திட்டினேன். அப்போதுதான் மேலேயிருந்து, கதவிடுக்கு வழியாக, குரல் வந்தது.

"அக்கா. நான் இங்கதான் இருக்கேன்."

"டேய், கதவைத் திறடா."

"திறக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்ல. நீ கீழ உக்காரு."

"மூச்சு முட்டுதுடா."

"முட்டாது. காத்து வந்துட்டேதான் இருக்கு, மேல ஓட்டை இருக்கு பாரு. நான் இங்கதான் இருக்கேன்."

கதவை அவன் திறக்கவில்லை. பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்போது கதவைத் திறந்தால், பயத்தில் வெளியே தாவுகிறவர்கள் இடுக்கில் விழுந்து சாவார்கள். பெட்டியை மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதற்கு, மேலே மோட்டார் அறையில் ஒருவர், கதவருகே ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். அவனுடைய கூட்டாளி நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை என் தம்பி நான்காவது மாடித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தான். நான் கத்தியபோது அவன் கத்தவில்லை. நான் திட்டியபோது பதிலுக்குத் திட்டவில்லை. ஒரே குரல், ஒரே வாக்கியம். கொஞ்ச நேரம் சும்மா இருப்பான், நான் "இருக்கியாடா?" என்றால் "இங்கதான் இருக்கேன்" என்பான். பிறகு கேட்பதையும் நான் விட்டுவிட்டேன். இருப்பான் என்று தெரிந்துவிட்டது.

நாற்பது நிமிஷம் கழித்துப் பெட்டி மூன்றாவது மாடிக்கு இறங்கிக் கதவு திறந்தபோது, நான் திரைச்சீலை மூட்டையில் தலையைச் சாய்த்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். கூட்டாளிதான் தோளைத் தட்டி எழுப்பினார். "உங்க தம்பி பேசினா எல்லாரும் இப்படித்தான். போன மாசம் ஒரு வக்கீல் குறட்டையே விட்டாரு" என்றார்.

எழுந்து திரைச்சீலையைத் தட்டிக்கொண்டு நாலு படி ஏறினேன். மோட்டார் அறையிலிருந்து தம்பி எதிரே இறங்கி வந்தான். அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏண்டா, எனக்குக் கதவைத் திறக்காமலே தூங்க வெச்சே. உன் பொண்ணுக்கு மட்டும் ஏண்டா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஓடிப்போய்த் திறக்கறே?"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். எனக்கும் அது வாயிலிருந்து வந்த பிறகுதான் புரிந்தது.

அன்று ராத்திரி நானும் ஐந்தாவது மாடி ஹாலில் உட்கார்ந்தேன். படுக்கவைக்கும்போது சூப்பானைக் கொடுத்தான். கண் சொருகியதும், முழுசாகத் தூங்குமுன்பே, மெல்ல வெளியே எடுக்கச் சொன்னேன். சிணுங்கினாள், திரும்பக் கொடுத்து மறுபடி எடுத்தான். ஐந்தாம் தடவை சும்மா இருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டிலில் ஒரு அசைவு. தம்பி எழுந்துவிட்டான். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"அக்கா, முழிச்சிட்டா."

"கண்ணு மூடியிருக்குடா. தூக்கத்துல பேசுது அது. நீ போய் வாய்க்குள்ள திணிச்சுத்தான் அது முழிக்குது."

நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். வாண்டு ஒரு பக்கம் புரண்டாள், முனகினாள், காலைத் தூக்கிப் போட்டாள், மறுபடி அமைதியானாள். தம்பி அந்தப் பழுது நோட்டை எடுத்துப் புரட்டினான். பதினோரு முறை எழுந்தாள் என்று எழுதியிருந்ததில் எத்தனை முறை அவள் எழுந்தாள், எத்தனை முறை இவன் எழுப்பினான் என்று இனிமேல் யார் சொல்வது? அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. 'டொக்' சத்தத்துக்கே பாய்ந்து போகிற காது, பாவம், நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்திருக்கிறது.

இரண்டு மணி வாக்கில் நிஜமாகவே எழுந்தாள். கண்ணைத் திறந்து, தொட்டில் சட்டத்தைப் பிடித்து, வீடே அதிர அழுதாள். தம்பி நாற்காலியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாண்டின் வயிற்றில் ஒரு கையை வைத்தான். "நான் இங்கதான் இருக்கேன்" என்றான். அதே குரல். "அவசரம் ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்." இருபது நிமிஷம் அழுதாள். இன்னொரு கையால் அவன் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தான், விரல் வெளுத்துவிட்டது. உள் அறைக் கதவு திறந்து அவன் மனைவி நின்றாள். வரவில்லை, போகவும் இல்லை. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, புலம்பலாகி, வாண்டு தன்னுடைய இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆறாம் நாள் சளி பிடித்து மூக்கடைத்து, அந்த ராத்திரி முழுக்கத் தோளில்தான் கிடந்தாள். பழக்கியதெல்லாம் இரண்டு நாள் பின்னால் போய்விட்டது. நான் பொறுமை இழந்து ஒருமுறை நானே சூப்பானை நீட்டினேன். தம்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, நீ போய்ப் படு" என்றான். என் தம்பி என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. பத்தாம் நாள் நாற்காலி தொட்டிலிலிருந்து நாலடி தள்ளிப் போனது. பிறகு கதவுப் பக்கம். ஒரு ராத்திரி வாண்டு ஒரு தடவைகூட எழவில்லை. அன்றைக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே விடிய விடிய விழித்திருந்தார்கள், ஏன் சத்தமே இல்லை என்று.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தம்பி மனைவி மறுபடி ஓட்டிக் காட்டினாள். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து காலை ஐந்து பத்து மணி பஸ், முதல் ட்ரிப்.

அந்தத் திங்கட்கிழமை வாண்டு வழக்கத்துக்கு மாறாக நாலரைக்கே எழுந்துவிட்டாள். சரி, அதுவும் நல்லதுதான் என்று நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு, டிப்போவை அடுத்த இரண்டாவது ஸ்டாப்பில் போய் நின்றோம். பஸ் வந்தது. எங்களைப் பார்த்ததும் தம்பி மனைவி ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்தது. நாங்களும் பேசவில்லை. அவள் சீட்டுக்கு நேர் பின்னால் தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான், பக்கத்தில் வாண்டை மடியில் வைத்துக்கொண்டு நான்.

"அக்கா, கியர் பாக்ஸ்ல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தான்.

மீதியைச் சொல்லவில்லை. பார்த்தால் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வாய் பிளந்திருந்தது, ஈ உள்ளே போய் வந்தாலும் தெரிந்திருக்காது. வேலைக்குப் போக அவன் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது, போனது. அவள் கண்ணாடியில் பார்த்தாள், நிறுத்தினாள், ஆட்களை ஏற்றினாள், கதவைச் சாத்திக்கொண்டு கிளப்பினாள். முதுகு நிமிர்ந்து இருந்தது.

ராத்திரியில் சூப்பானை விட்ட வாண்டு பகலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவாள். கடைசி ஸ்டாப் நெருங்கும்போது அதை விட்டெறிந்தாள். பஸ்ஸின் தகரத் தரையில் 'டொக்' என்று விழுந்து உருண்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி மனைவியின் கண் சட்டென்று கண்ணாடிக்கு வந்தது. இரண்டு பேரும் அவனைத்தான் பார்த்தோம். அவன் அசையவே இல்லை.

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் திரும்பினாள். வேலைக்கு நேரமாகிறதே என்று நான் அவன் தோளைத் தட்டக் கையைக் கொண்டுபோனேன்.

"எழுப்பாதீங்க அண்ணி," என்றாள் மெதுவாக. "திரும்பிப் போற ட்ரிப்பும் நான்தான்."